வெள்ளையும் காவியும்: வீட்டின் நிறமும் வெயிலின் வெப்பமும்

இந்தியக் கிராமங்களில் வீட்டிற்குப் பூசப்படும் நிறங்களுள் மிகப் பழமையானவை இரண்டு. ஒன்று சுண்ணாம்பின் வெண்மை. மற்றொன்று காவிக்கல்லின் செம்மை. இராஜஸ்தானத்துப் பெண்கள் காவி மெழுகிய தரையிலும் சுவரிலும் வெண்ணிற மண் குழம்பைக் கொண்டு 'மாண்டணா' என்னும் கோலங்களை வரைகின்றனர். மகாராஷ்டிரத்தின் வார்லி மக்கள் செம்மண் பூசிய சுவரில் அரிசிமாவுக் குழம்பால் சித்திரம் தீட்டுகின்றனர். ஒன்றையொன்று எடுத்துக்காட்டும் இவ்விரு நிறங்களின் முரண், கண்ணுக்கு இனியது. ஆனால் இவற்றின் முரண் கண்ணளவில் நின்றுவிடுவதன்று. ஒரே வெயிலில் ஒரே நேரம் நிற்கும் இரு பரப்புகளுள் வெள்ளைப் பரப்பு வெதுவெதுப்பாகவும், காவிப் பரப்பு கை பொறுக்காத சூடாகவும் இருத்தலைக் காணலாம்.

வீடு கட்டுவோரும் பழைய வீட்டைப் புதுப்பிப்போரும் களப்பணியாளரை அடிக்கடி கேட்கும் கேள்வி, "வீட்டிற்கு எந்த நிறம் நல்லது?" என்பதாகும். வீடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே விடை இதற்கு இல்லை. கூரை, நான்கு திசைச் சுவர்கள், அறையின் உட்புறம், தரை ஆகிய ஒவ்வொன்றும் வெயிலையும் ஒளியையும் வெவ்வேறு விதமாகப் பெறுகின்றன. ஆகையால் ஒவ்வொன்றிற்கும் நிறத்தைத் தனித்தனியே தேர்தல் வேண்டும். அவ்வாறு தேர்வதற்கான அறிவியற் காரணங்களும், பள்ளியில் எளிதாகச் செய்து காட்டக்கூடிய சோதனைகளும் இப்பாடத்தில் கூறப்படுகின்றன.

கேள்வியின் முக்கியத்துவம்

நிறத் தேர்வு அழகைப் பற்றியது மட்டுமாயின் அதனை அவரவர் விருப்பத்திற்கு விட்டுவிடலாம். கோடையில் அது உடல்நலத்தையும், சில வேளைகளில் உயிரையும் பற்றியதாகிவிடுகிறது. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் குஜராத்தின் அகமதாபாத் நகரில் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸை எட்டியது. அம்மாதத்தில் அந்நகரில் வழக்கத்திற்கு மேல் 1,344 மரணங்கள் நிகழ்ந்தன என்று பின்னர் ஆய்வாளர் கணக்கிட்டனர். இதன் விளைவாக 2013ஆம் ஆண்டில் அந்நகரம் வெப்பத் தடுப்புச் செயல்திட்டம் ஒன்றை ஏற்றது. 2017ஆம் ஆண்டு முதல், ஏழை மக்களின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் பணியும் அத்திட்டத்துடன் இணைந்தது. 2016ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் இராஜஸ்தானத்தின் பலோடியில் 51 டிகிரி பதிவாயிற்று. 2023ஆம் ஆண்டில் தெலங்கானா அரசு குளிர்கூரைக்கென ஒரு தனிக் கொள்கையையே வெளியிட்டது.

வெயிலில் உழைத்தவனின் உடல், இரவில் குளிர்ந்து ஓய்வுபெற வேண்டும். தகரக் கூரையின் கீழும் மெல்லிய காரைத் தளத்தின் கீழும் உறங்குவோருக்கு அவ்வோய்வு கிடைப்பதில்லை. முதியோர், கைக்குழந்தைகள், கருவுற்ற பெண்கள், நோயாளிகள் ஆகியோர் பகற்பொழுதையும் அக்கூரையின் கீழேயே கழிக்கின்றனர். குளிரூட்டும் கருவி வாங்க இயலாத இக்குடும்பங்களுக்கு ஒரு கூடைச் சுண்ணாம்பு எவ்வளவு பயன்தரும் என்பதே இங்குப் பொருளாகும்.

வெயிலின் இயல்பு

சூரியனிடமிருந்து வரும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதியே கண்ணுக்குப் புலனாகும் ஒளி. எஞ்சிய சிறு பங்கு புறஊதாக் கதிர்களாகும். தெளிந்த வானத்தில் கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கிடைப்பரப்பின்மேல் சுமார் 1,000 வாட் அளவு ஆற்றல் விழுகிறது. இது ஒரு சிறிய மின்னடுப்பின் ஆற்றலுக்கு ஒப்பாகும்.

ஒளிபுகாத பரப்பு ஒன்றின்மேல் விழும் ஆற்றலில் ஒரு பகுதி திருப்பி அனுப்பப்படுகிறது. மற்றப் பகுதி ஏற்கப்பட்டு வெப்பமாக மாறுகிறது. புதிதாக அடித்த சுண்ணாம்பு வெள்ளை, நூறு பங்கு வெயிலில் சுமார் 75 பங்கைத் திருப்பிவிட்டு 25 பங்கை ஏற்கிறது. காவி பூசிய பரப்பு சுமார் 30 பங்கைத் திருப்பி 70 பங்கை ஏற்கிறது. பூச்சின்றி விடப்பட்ட பழைய சிமென்டுத் தளமும் காவியை ஒத்ததே. கரியபரப்பு 90 பங்கிற்கு மேல் ஏற்கும்.

முப்பது சதுர மீட்டர் பரப்புள்ள கூரை ஒன்றை எடுத்துக்கொள்க. நண்பகலில் அதன்மேல் 30 கிலோவாட் விழுகிறது. வெள்ளைக் கூரை இதில் 7.5 கிலோவாட்டை ஏற்கிறது. காவிக் கூரை 21 கிலோவாட்டை ஏற்கிறது. இரண்டிற்குமுள்ள வேறுபாடு 13.5 கிலோவாட். ஏற்கப்பட்ட வெப்பம் முழுவதும் வீட்டினுள் இறங்குவதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பெரும்பகுதியைக் காற்று அள்ளிச் செல்லும். ஒரு பகுதி வானை நோக்கி வீசப்படும். ஆயினும் எஞ்சி உள்ளிறங்கும் பகுதியே அறையைச் சூடாக்கப் போதுமானது. கூரையின் வகைக்கும் காற்றோட்டத்திற்கும் ஏற்ப, வெள்ளையடித்த கூரையின் கீழ் அறையின் வெப்பநிலை பொதுவாக இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை குறைகிறது. கூரையின்மேல் ஏற்கெனவே தடித்த வெப்பத் தடுப்பு இருக்குமாயின் நிறத்தால் விளையும் வேறுபாடு சிறிதாகிவிடும். கூரை எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவுக்கு நிறத்தின் பயன் பெரிது.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கண் அறிவது ஒளியை மட்டுமே. அகச்சிவப்பை அது அறியாது. எனவே கண்ணுக்கு ஒரே அளவு கருமையாய்த் தோன்றும் இரு பூச்சுகள் வெயிலில் ஒரே அளவு சூடேறும் என்று கூற இயலாது. காவியின் நிறத்திற்குக் காரணமான இரும்பு ஆக்சைடு, அகச்சிவப்பின் ஒரு பகுதியைத் திருப்பிவிடுகிறது. கரித்தூள் சேர்த்த பூச்சோ அதனையும் விழுங்கிவிடுகிறது. நிறத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாமல் வெப்பமானியாலும் அளந்தறிய வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

இரவில் நிகழ்வது

"கரிய பரப்பு பகலில் வேகமாகச் சூடேறுவதால் இரவில் வேகமாகக் குளிருமன்றோ?" என்று மாணவர் வினவுவதுண்டு. இவ்வினா பாராட்டத்தக்கது. சூடேறிய பொருள் ஒவ்வொன்றும் வெப்பக் கதிர்களை வீசுகிறது. சாதாரண வெப்பநிலையில் வீசப்படும் இக்கதிர்கள் யாவும் நீண்ட அலைநீளமுள்ள அகச்சிவப்பைச் சார்ந்தவை. இக்கதிர்களைப் பொறுத்தவரை வெள்ளைச் சுண்ணாம்பும் காவியும் கரும்பூச்சும் ஏறத்தாழ ஒன்றே. மூன்றும் நன்றாக வெப்பத்தை வீசுபவையே. ஆகையால் இரவில் காவிக்கு எவ்வித மேன்மையும் இல்லை. பகலில் குறைவாக ஏற்றுக்கொண்ட வெள்ளைக் கூரை, இரவில் வெளிவிட வேண்டிய வெப்பமும் குறைவாகவே கொண்டிருக்கிறது.

பளபளக்கும் உலோகம் இதற்கு விலக்காகும். புதிய துத்தநாகத் தகடு வெயிலின் பெரும்பங்கைத் திருப்பினும், தான் ஏற்ற வெப்பத்தைக் கதிராக வீசுவதில் மிகவும் பின்தங்கியது. வெள்ளிபோல் மினுங்கும் அலுமினியப் பூச்சும் வெப்பம் வீசுவதில் வெள்ளைப் பூச்சிற்கு ஈடாகாது. இக்காரணத்தால் மினுங்கும் தகடு வெண்ணிறப் பூச்சைவிட அதிகமாகச் சூடேறுகிறது. நல்ல கூரைக்கு வெயிலைத் திருப்பும் திறன், வெப்பத்தை வீசும் திறன் ஆகிய இரண்டும் வேண்டும். 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, சரிவு குறைந்த கூரைகளுக்கு முதலதனை 0.70 அளவிலும், பின்னதனை 0.75 அளவிலும் குறைந்த அளவாகக் குறித்தமை இதனாலேயாம்.

காரைத் தளமும் தகரமும் வெப்பத்தைக் கடத்தும் காலத்தில் வேறுபடுகின்றன. தகரத்தின் வெப்பம் உடனே அறையை அடைகிறது. காரைத் தளம் வெப்பத்தைத் தன்னுள் சேமித்துச் சில மணி நேரம் கழித்தே கீழே விடுகிறது. வெளியே காற்று குளிர்ந்த பின்னரும் உள்ளே புழுக்கம் நீடிப்பதற்கு இதுவே காரணம். தகரக் கூரைக்கு அடிக்கும் வெள்ளை நண்பகலில் பயன்தரும். காரைத் தளத்திற்கு அடிக்கும் வெள்ளை மாலையிலும் முன்னிரவிலும் மிகுந்த பயன்தரும்.

எந்தப் பக்கத்திற்கு எந்த நிறம்?

சூரியன் வானில் செல்லும் பாதை பருவத்திற்கேற்ப மாறுகிறது. தில்லியின் அட்சரேகை 28.6 பாகை. சூன் 21ஆம் நாள் நண்பகலில் அங்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 85 பாகை உயரத்தில், ஏறக்குறைய உச்சியில் நிற்கிறது. திசம்பர் 22ஆம் நாளிலோ 38 பாகை உயரமே எழுகிறது. கதிருக்கு நேரே நிறுத்திய பரப்பின்மேல் விழும் ஆற்றலை 100 என்று கொண்டால், சைன், கொசைன் அட்டவணைகளிலிருந்து பின்வரும் அளவுகள் பெறப்படும்.

சூன் நண்பகல்: சமதளக் கூரைக்கு 100; தெற்குச் சுவருக்கு 9.
திசம்பர் நண்பகல்: சமதளக் கூரைக்கு 62, தெற்குச் சுவருக்கு 79.

இவ்வெண்களின் பொருள் தெளிவானது. கோடை வெயிலை முழுமையாகத் தாங்குவது கூரை. எனவே வெள்ளையடிக்கப் பணம் சிறிதே உள்ளவர், சுவர்களை விட்டு முதலில் கூரைக்கே அடிக்க வேண்டும். தெருவில் செல்வோர் காணும் முன்சுவருக்குச் செலவிட்டு, யாரும் காணாத கூரையை விட்டுவிடுவதே பொது வழக்கமாயுள்ளது. களப்பணியாளர் முதலில் திருத்த வேண்டியது இவ்வழக்கத்தையே.

கூரைக்கு அடுத்தபடியாக மேற்குச் சுவர் கவனத்திற்குரியது. கோடைப் பிற்பகலில் காற்று மிக வெப்பமாயிருக்கும் வேளையில், தாழ்ந்துவரும் சூரியன் அச்சுவரை நேரே தாக்குகிறது. கிழக்குச் சுவர் அதே அளவு வெயிலைக் காலையில் பெறுகிறது. இவ்விரண்டிற்கும் வெள்ளையோ வெளிர்நிறமோ ஏற்றது.

தெற்குச் சுவரின் நிலை வேறு. வட இந்தியாவில் அது கோடையில் நண்பகல் வெயிலைச் சிறிதளவே பெற்றுக் குளிர்காலத்தில் மிகுதியாகப் பெறுகிறது. குளிர் கடுமையான இடங்களில் அதற்குக் காவி முதலிய அழுத்தமான நிறத்தைப் பூசுவது கோடையில் பெருந்தீங்கு செய்யாது. குளிர்காலத்தில் நன்மையும் செய்யும். லடாக்கில் தெற்குச் சுவரைக் கருமையாக்கி, அதன்முன் கண்ணாடி பொருத்தி, பகலில் சேர்ந்த வெப்பத்தை இரவில் அறைக்குள் விடச் செய்யும் முறை கையாளப்படுகிறது. காவியை அறவே விலக்க வேண்டும் என்பது இப்பாடத்தின் முடிவன்று என்பதை இதனால் அறியலாம்.

சுவரின் அடிப்பகுதியில், தரையிலிருந்து முழங்காலளவு உயரம் வரை காவிப்பட்டை தீட்டுவது நாட்டின் பல பகுதிகளில் பழைய வழக்கம். மழைநீர் தெறித்து ஒட்டும் சேறு அதில் தெரிவதில்லை. பட்டையின் பரப்பு சிறிதாகையால் அதனால் ஏறும் வெப்பம் பொருட்படுத்தத்தக்கதன்று. சுவருக்கு வெள்ளை, அடிக்குக் காவி என்னும் இம்மரபு, அனுபவ அறிவும் அறிவியலும் ஒத்துச் செல்லும் இடமாகும்.

அறையின் உள்ளே

உட்புறத்தில் வெயில் நேரே விழுவதில்லையாகையால் அங்குக் கருத வேண்டியது ஒளியே. சன்னலின் வழி வரும் ஒளி ஒரு சுவரில் பட்டு, மறு சுவருக்குச் சென்று, மீண்டும் திரும்பி அறை முழுவதும் பரவுகிறது. இதனைக் கணித ஆசிரியர் பெருக்குத் தொடருக்கு உதாரணமாகக் காட்டலாம். எல்லாப் பக்கமும் வெண்மையான அறை ஒன்று, ஒளியில் நூற்றுக்கு 70 பங்கைத் திருப்புவதாகக் கொள்க. முதலில் சேர்ந்த 100 பங்கு ஒளி, 70, 49, 34 என்று படிப்படியாகக் குறைந்து மீள்கிறது. யாவற்றையும் கூட்டினால் சுமார் 333 ஆகிறது. காவி பூசிய அறை நூற்றுக்கு 20 பங்கையே திருப்புமாயின், 100, 20, 4 என்னும் தொடரின் கூட்டுத்தொகை 125 மட்டுமே. சன்னல் அதே, வெளிச்சமோ ஒன்றுக்கு இரண்டரை மடங்கிற்கு மேல் வேறுபடுகிறது. உண்மையான அறையில் தரையும் தளவாடங்களும் திறந்த சன்னலும் ஒளியைக் குறைப்பதால் வேறுபாடு இவ்வளவு பெரிதாயிராது. எனினும் போக்கு இதுவே.

ஆகையால் படிக்கும் அறைக்கும் சமையலறைக்கும் உத்தரத்தை வெள்ளையாகவும் சுவர்களை வெளிர்நிறமாகவும் வைத்தல் நன்று. தரைக்குக் காவிநிறம் பொருந்தும். அழுக்கைக் காட்டாததோடு கண்ணுக்கும் அமைதி தரும்.

பள்ளியில் செய்யத்தக்க சோதனைகள்

நிறத்திற்கும் வெப்பத்திற்குமுள்ள தொடர்பை அறியப் பெருங்கருவிகள் தேவையில்லை. பெஞ்சமின் பிராங்கிளின் பல நிறத் துணித்துண்டுகளை வெயிலில் பனிப் பரப்பின்மேல் வைத்து, கரிய துணி ஆழமாகப் புதைந்ததையும் வெள்ளைத் துணி புதையாமல் நின்றதையும் 1761ஆம் ஆண்டில் எழுதிய கடிதம் ஒன்றில் விவரித்தார். பின்வரும் இரு சோதனைகளும் அவ்வளவு எளியவை.

முதற் சோதனை: ஒரே அளவும் தடிப்புமுள்ள இரண்டு தட்டையான ஓடுகளை எடுத்து, ஒன்றிற்குச் சுண்ணாம்பும் மற்றதற்குக் காவியும் மும்முறை பூசுக. இரண்டையும் நன்றாக உலரவிடுக. ஈரம் எஞ்சியிருந்தால், அது ஆவியாகும்போது ஓட்டைக் குளிரச் செய்து முடிவைத் திரித்துவிடும். வைக்கோற் பரப்பின்மேல் இரண்டையும் அருகருகே வைத்து, ஒவ்வோர் ஓட்டின் அடியிலும் வெப்பமானியின் குமிழ் தொடுமாறு செருகுக. குமிழின்மேல் வெயில் நேரே படலாகாது. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை மணிக்கொரு முறை அளவெடுத்து, வரைபடத் தாளில் இரு கோடுகளாக வரையச் செய்க. காற்றின் வெப்பநிலையை நிழலில் அளந்து மூன்றாவது கோடாகச் சேர்க்கவும்.

இரண்டாம் சோதனை: ஒரே அளவுள்ள மூன்று தகர டப்பாக்களில் ஒன்றிற்கு வெள்ளை வண்ணமும், ஒன்றிற்குச் செவ்வண்ணமும் பூசுக. மூன்றாவதைத் துலக்கிப் பளபளப்பாக விடுக. மூன்றிலும் 60 டிகிரி சூடுள்ள நீரைச் சம அளவில் ஊற்றி மூடி, காற்றடிக்காத நிழலில் வைத்து, ஐந்து நிமிடத்திற்கொரு முறை வெப்பநிலையைக் குறிக்கவும். வெள்ளையும் சிவப்பும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஆறும். பளபளக்கும் டப்பா அவற்றிற்குப் பின்தங்கும். நிறம் வெயிலை ஏற்பதை மாற்றுகிறதேயன்றி வெப்பத்தை வீசுவதை மாற்றுவதில்லை என்பதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர்.

கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கும் முறை

சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீற்றி, ஒரு கிலோ சுண்ணாம்பிற்குச் சுமார் 5 லிட்டர் நீர் சேர்த்துக் கலக்கித் துணியால் வடிகட்ட வேண்டும். ஒட்டும் பொருட்டு, வடித்த பால் ஒரு லிட்டருக்குச் சுமார் 4 கிராம் வீதம் பிசினை வெந்நீரில் கரைத்துச் சேர்க்கலாம். கூரையைப் பெருக்கிக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, சற்றே ஈரமாக்கிய பின் மெல்லிய பூச்சாக மும்முறை அடிக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. இதற்கு ஈரம் வேண்டும். கடும்வெயிலில் அடித்தால் பூச்சு மிக விரைவில் உலர்ந்து மாவாய் உதிரும். அதிகாலையும் மாலையும் ஏற்ற வேளைகள்.

தூசி படிந்து வெண்மை மங்கினால் திருப்பும் திறன் பெரிதும் குறைந்துவிடும். எனவே ஆண்டுதோறும் கோடை தொடங்குமுன், பங்குனி மாதத்திற்குள் புதுப்பித்தல் வேண்டும்.

எச்சரிக்கைகள்

சுண்ணாம்பு நீற்றும்போது நீர் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஊறு விளையலாம். குழந்தைகளை அருகில் விடலாகாது. கண்ணில் பட்டுவிடின் உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

துத்தநாகத் தகட்டில் சுண்ணாம்பு நெடுநாள் ஒட்டாது. ஈரச் சுண்ணாம்பு துத்தநாகத்தை அரிக்கவும் செய்யும். தகரக் கூரைக்கு வெளிப்புற வெண்ணிற அக்ரிலிக் பூச்சே தக்கது. கல்நார்ச் சிமென்டுத் தகடுகளை உலர்ந்த நிலையில் தேய்த்துச் சுரண்டுதல் கூடாது. அதனால் எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு செய்யும். இத்தகைய தகடுகளின்மேல் ஏறி நிற்பதும் ஆபத்தானது.

பழைய எண்ணெய் வண்ணங்களில், சிறப்பாக ஒளிமிக்க மஞ்சளிலும் செம்மஞ்சளிலும் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படாமல் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் விதிகள் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அதற்கு முற்பட்ட பூச்சைச் சுரண்டுவோர் அதனை ஈரமாக்கிச் சுரண்டி, குழந்தைகள் தொடாதவாறு துகள்களைத் திரட்டி அகற்ற வேண்டும்.

சுருக்கம்

கூரை, மேற்குச் சுவர், கிழக்குச் சுவர் ஆகியவற்றிற்கு வெள்ளை. குளிர் மிகுந்த வட்டாரங்களில் தெற்குச் சுவருக்குக் காவி பொருந்தும். உத்தரத்திற்கு வெள்ளையும் தரைக்கும் சுவரடிக்கும் காவியும் ஏற்றவை. பணம் ஒன்றிற்கே போதுமாயின் அது கூரைக்கே உரியது.

வினாக்கள்

1. வெள்ளைப் பூச்சும் பளபளக்கும் தகடும் வெயிலை நன்கு திருப்பினும், தகடு அதிகமாகச் சூடேறுவது ஏன்?
2. உங்கள் ஊரின் அட்சரேகையைக் கொண்டு சூன் 21, திசம்பர் 22 ஆகிய நாட்களில் நண்பகற் சூரியனின் உயரத்தைக் கணக்கிடுக. கூரைக்கும் தெற்குச் சுவருக்கும் விழும் பங்குகளை ஒப்பிடுக.
3. அறையின் திருப்பும் திறன் 50 பங்கானால் ஒளித் தொடரின் கூட்டுத்தொகை யாது?
4. உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள பத்து வீடுகளின் கூரை வகையையும் நிறத்தையும் பட்டியலிடுக. கோடைக்கு முன் எந்தக் கூரைகளுக்கு முதலில் வெள்ளையடிக்க வேண்டும் எனக் காரணத்துடன் வரிசைப்படுத்துக.